முத்துவுக்கு இதுவரை ஆன செலவு

மார்ச் 3, செவ்வாய்

இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. ஒரே புழுக்கம். சீனி காலையில் 7.9.

இந்த நோட்டு இரத்தத்தில் சீனி அளவு எழுதுவதற்கு. பா. வாங்கி வைத்துவிட்டுப் போனாள். (பா. என்றால் பாக்கியம், என் வீட்டுக்காரி. முழுப் பெயர் எழுதினால் விரல் வலிக்கிறது. பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான்.) சீனியை மட்டும் எழுதத்தான் எண்ணம். இன்று நடந்ததைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் இதில்.

பா. சிங்கப்பூர் போய்ப் பத்து நாள். மகள் விமலாவுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. இரண்டு மாதம் கூட இருந்து பார்த்துவிட்டுத்தான் வருவாள். இங்கே தம்போயில், வீட்டில் நானும் நாயும்.

நாயின் பெயர் முத்து. பழுப்பு நிறம், இடது காது மடிந்தது. ஆறு வருஷத்துக்கு முன், சந்தையிலிருந்து பின்னாலேயே வந்துவிட்டது என்று பா. தூக்கிக்கொண்டு வந்தாள். என் வீட்டில் நாயே வேண்டாம் என்று இருந்தவன் நான். காரணம் உண்டு. "அது பாட்டுக்கு மூலையில கெடக்கும்ங்க. ஒரு காசு செலவு இல்ல" என்றாள். நம்பினேன்.

இன்று ஸ்டோரில் அதன் சாப்பாட்டுப் பை காலி. காலிப் பையை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இதே வேண்டும் என்று காட்டினேன். கடைக்காரச் சீனப் பெண் பதினைந்து கிலோப் பை ஒன்றைத் தூக்கி வைத்தாள்.

"செராதுஸ் லாப்பான் பூலோ எனாம், அங்கிள்."

நூற்று எண்பத்தாறு வெள்ளி. எத்தனை பைக்கு என்று கேட்டேன். ஒன்றுக்கு.

என் கல்யாணத்துக்கு மொத்தச் செலவு வெ. 210. அதில் இரண்டு ஆடும் அடக்கம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் நாற்காலி போட்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒரு கிலோப் பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன், வெ. 19.

சாயந்திரம் சீனர்கள் பெருநாள் பதினைந்தாம் நாள் என்று வெடி போட்டார்கள். காவல் காக்க வேண்டிய நாய் என் கட்டிலுக்கு அடியில். நூற்று எண்பத்தாறு வெள்ளி நாய்!

மார்ச் 4, புதன்

சீனி 8.4. கோபத்தில் ஏறியிருக்கும்.

பா.வுக்குப் போன் போட்டேன்.

"நாய்ச் சாப்பாடு என்ன வெல தெரியுமா ஒனக்கு?"

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? புள்ள இப்பதான் கண்ண மூடுறான்."

"நூத்தி எம்பத்தாறு!"

"ஏத்திட்டானா? போன மாசம் நூத்தி எழுவத்தொம்பதுதானே."

சொன்ன பிறகுதான் உளறியது அவளுக்கே தெரிந்தது.

"அப்ப மாசா மாசம் வாங்கியிருக்க."

"ஏங்க, புள்ள அழுவுறான். வச்சிர்றேன்."

பிள்ளை அழுகிற சத்தம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் மறுபடி பிடித்தேன். இந்தத் தடவை விடவில்லை. அவள் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கினேன்:

சாப்பாடு. மாதம் ஒரு பை.
உண்ணி வராமல் இருக்க ஒரு மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒன்று, வெ. 130. ஒரே மாத்திரை!
வயிற்றுப் பூச்சிக்கு வேறு.
வருஷத்துக்கு ஒரு ஊசி, வெ. 95.
குளிக்கத் தனி சோப்பு. என் சோப்பு ஆகாதாம்.
கழுத்தில் தொங்கும் லைசென்ஸ் தகடு. வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.
விதை எடுத்தது. ஒரே தடவை. வெ. 350.

என் வீட்டில் ஒருவனுக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது!

எனக்கு இரத்த அழுத்தத்துக்கும் சீனிக்கும் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். அதையும் வயசானவர் என்று வாங்குவதில்லை.

"எங்கேந்துடி காசு?"

"வந்துச்சு."

"எங்கேந்து வந்துச்சு?"

"அதுக்கு ஒரு புண்ணியவான் இருக்காரு. உங்க கையிலேந்து போகல இல்ல? அப்புறம் என்ன?"

வைத்துவிட்டாள். எந்தப் புண்ணியவான்? குத்துச் சீட்டுப் பணத்தில் கை வைத்திருப்பாள். வேறு என்ன.

மார்ச் 6, வெள்ளி

வெயில். சீனி 7.7.

முடிவு எடுத்தாகிவிட்டது. கடைச் சாப்பாடு இனி கிடையாது. தோட்டத்தில் எத்தனை நாய் இருந்தது, எது பைச் சாப்பாடு தின்றது? பழைய சோறும் கருவாட்டுத் தலையும் போட்டேன். முத்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. பா. கோபித்துக்கொண்டு உட்காருவது போலவே. யாரிடம் பழகியது என்று தெரிகிறது.

பத்து மணிவாக்கில் தெருமுனையில் புகைக்குழாய் உடைந்த மாதிரி ஒரு வேன் சத்தம். முத்து எழுந்து ஓடி, கேட்டுக்கு முன்னால் நின்று வாலை ஆட்டு ஆட்டு என்று ஆட்டியது. வெள்ளை வேன், பழசு. எங்கள் வீட்டருகே மெதுவானது, வாசலில் என் செருப்பு கிடந்தது, நிற்காமல் போய்விட்டது. யாராவது மீன் விற்கிறவனாக இருக்கும். முட்டாள் நாய், அரை மணி அங்கேயே நின்றது.

பக்கத்து வீட்டு இஸ்மாயில் நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்டுக்கு மேலே பலகாரப் பொட்டலம் நீட்டினார். நல்ல மனிதர். முத்து குரைக்கவில்லை. அந்த மரியாதை தெரியும் அதற்கு.

மார்ச் 8, ஞாயிறு

பா. போனில். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறானாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அப்படித் தாழ்த்தினால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"அஞ்சாம் மாசம் காது குத்தணும்னு சம்பந்தி வீட்டுல சொல்றாங்க. விமலாவுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. யாரு மடியில ஒக்கார வச்சுக் குத்துறது?"

"ஏன், என் மடி இல்லையா?"

"தாத்தா மடி எதுக்கு? மாமன் மொறை வேணும்ங்க. எங்கண்ணன..."

"அந்தப் பேச்சு வேணாம்."

"விமலாவுக்குக் காது குத்துனப்பவும் இதான் சொன்னீங்க. சடங்குக்கும் இதான். கல்யாணத்துக்கும் இதான். மூணு தடவையும் மூணு பேர வாடகைக்குப் புடிச்ச மாதிரி மாமனா நிக்க வச்சோம். எனக்கு இருக்குறது ஒரே அண்ணன்."

"நாயக் கொன்ன கை. அது புள்ளையத் தொடக் கூடாது."

வைத்துவிட்டாள்.

அண்ணன் என்றால் சின்னப்பன். என் மச்சான். எழுதி வைக்கிறேன். ஐம்பது வருஷம் ஆகிறது, ஒன்றும் மறக்கவில்லை.

கல்யாணம் ஆன மறு வருஷம். என்னிடம் கருப்பன் என்று ஒரு நாய். சின்னப்பன் அதே லயத்து வீட்டு வரிசையில் ஆறு வீடு தள்ளி. புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. கருப்பன் அவனுடைய சேவலைக் கடித்துவிட்டது. சிவப்புச் சேவல், வால் மட்டும் கறுப்பு. குழாயடியில் எல்லோருக்கும் முன்னால் கத்தினான்: "இந்த நாய மருந்து வச்சுக் கொல்லாம விடமாட்டேன்." இது முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு நாலு நாள் முன்பு. திருவிழா முடிந்த மறுநாள் கருப்பன் வாந்தி. மூன்றாம் நாள் செத்தது.

வேறு என்ன சாட்சி வேண்டும்? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் அவனை அறைந்தேன். இரண்டு அறை. திருப்பி அடிக்கவில்லை. அதுவே குற்றம் ஒப்புக்கொண்ட மாதிரி இல்லையா? ஆபீஸ் கிராணியிடம் போய், தோட்டத்து மருந்தைத் திருடி நாய்க்கு வைத்தான் என்று சொன்னேன். அவன் வேலை போனது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். செடெனாக் பக்கம் லாரி ஓட்டுகிறான் என்று பிறகு கேள்வி. என் வாசலை மிதித்ததில்லை. மிதிக்க விட்டதில்லை.

முத்து இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. கருவாட்டை மட்டும் பொறுக்கித் தின்றது.

மார்ச் 11, புதன்

காலையில் நல்ல மழை. சீனி 7.5.

கோயிலில் தேய்பிறை அஷ்டமி, பைரவர் பூஜை. நான் வழக்கம்போல் அண்டா கிண்டப் போனேன். சர்க்கரைப் பொங்கல், பால் பாயசம். குருக்கள் சொன்னார்: "நாய் வளக்குறவங்க கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க. அதுக்குப் போட்டா பைரவருக்கே போட்ட மாதிரி."

நல்ல வழி! ஏன் முன்பே தோன்றவில்லை? அஷ்டமிக்குப் பொங்கல், வெள்ளிக்கிழமைக்குச் சுண்டல், கார்த்திகைக்கு இன்னொன்று. மாதத்தில் பாதி நாள் ஓடிவிடும். காசு கிடையாது.

ஒரு வாளி பொங்கல் கொண்டுவந்தேன். பாயசத்துக்கு வாங்கியதில் கிஸ்மிஸ் அரைப் பொட்டலம் மிச்சம், அதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பொங்கல் மேலே கொட்டி வைத்தேன். முத்து மூச்சு விடாமல் தின்றது. தட்டை வீடு முழுக்கத் தள்ளித் தள்ளி நக்கியது. எட்டு நாளில் முதல் தடவையாக என் காலில் வந்து தலையை வைத்துப் படுத்தது.

பா. வந்ததும் சொல்ல வேண்டும். நாய் வளர்க்க எனக்கும் தெரியும்.

மார்ச் 12, வியாழன்

காலை ஆறு மணிக்குள் ஐந்து தடவை வாந்தி. கிஸ்மிஸ் உப்பிப்போய் முழுசாக. வயிறு நிறையத் தின்றது, செரிக்கவில்லை என்று நினைத்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், அதுவும் வெளியே. எட்டு மணிக்கு எழுந்து நிற்க முடியவில்லை. கண் என்னையே பார்க்கிறது.

பா.வைக் கூப்பிடவில்லை. என்ன சொல்வது?

இஸ்மாயிலிடம் கார் உண்டு. நோன்பு மாதத்தில், உங்கள் காரில் என் நாயை ஏற்றுங்கள் என்று எப்படிக் கேட்பது? மெயின் ரோட்டில் இரண்டு டாக்சி நின்றது. நாய் என்றதும் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் கோயிலில் மணல் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தேன். பா.வின் பழைய கைலியை விரித்து, முத்துவைத் தூக்கிப் போட்டு, தள்ளினேன். கடை வரிசை வரை நாற்பது நிமிஷம். வெயில். மோட்டார் சைக்கிள் பையன்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு வயது எழுபத்தாறு.

நாய் கிளினிக்கில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, தாரணி. என்னை அவளுக்குத் தெரியாது. முத்துவைத் தெரிகிறது.

"அலமாக், முத்து! என்னடா ஆச்சு ஒனக்கு?" என்று ஓடிவந்தாள். பிறகு என்னிடம், "செடெனாக் தாத்தா வரலையா? அவங்கதானே எப்பவும் வேன்ல கொண்டு வருவாங்க."

"எந்தச் செடெனாக் தாத்தா?"

"சின்னப்பன் தாத்தா லா. நீங்க அவருக்கு யாரு?"

அவள் அட்டையை எடுத்தாள். மேலே இங்கிலீஷில் முத்துவின் பெயர், பக்கத்தில் என் பெயர். முத்து சுப்பையா என்று படித்தாள். நாய்க்கு அப்பா நான்! கீழே தேதி வாரியாக ஒவ்வொரு ஊசிக்கும் மாத்திரைக்கும் பணம் கட்டியவர் கையெழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கையெழுத்து தமிழில் இருந்தது. சின்னப்பன். சின்னப்பன். சின்னப்பன். எண்ணினேன், இருபத்து மூன்று.

அந்த வேன். அந்தப் புண்ணியவான்.

நான் கடைக்குப் போகிற நேரம், கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து வந்திருக்கிறான். ஆறு வருஷம்.

யோசிக்க விடவில்லை. டாக்டர் வந்தார், சீனப் பெண், சின்ன வயது. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னமோ கேட்டார். தாரணி தமிழில்:

"நேத்து என்ன சாப்ட்டான் தாத்தா?"

"சோறு."

"சோறு மட்டுமா?"

"ஆமா."

பொய். வெட்கமாக இருந்தது, சாமிப் பொங்கலைப் போய் இங்கே சொல்வதா என்று. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். சுவரைக் காட்டினார். பெரிய படம், நாய் தின்னக் கூடாதவை. எழுத்து தெரியாதவனுக்கும் புரியும் மாதிரி வரிசையாகப் படம். வெங்காயம். சாக்லேட். திராட்சைக் குலை. அதற்குப் பக்கத்தில் ஒரு கை நிறையக் கிஸ்மிஸ்.

சொல்லிவிட்டேன். அரைப் பொட்டலம் என்று.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே வேகமாகப் பேசினார். தாரணி சொன்னாள்: "கிஸ்மிஸ் நாய்க்கு வெசம் தாத்தா. மொதல்ல வாந்தி எடுக்கும். அப்புறம் சாப்பிடாது, நடுங்கும். ரெண்டாம் நாள் மூணாம் நாள் மூத்திரம் நின்னுரும். கிட்னி போயிரும். அதுக்குள்ள தண்ணி ஏத்தணும்."

முதலில் வாந்தி. பிறகு சாப்பிடாது. மூத்திரம் நின்றுவிடும். மூன்றாம் நாள்.

இந்த வரிசையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

திருவிழா அன்றைக்குப் பாயசத்துக்கு வாங்கிய கிஸ்மிஸ் மிச்சம். சதுர பிஸ்கட் டின், மூடியில் ரோஜாப் படம். மூடி நிறையக் கொட்டி கருப்பனுக்கு வைத்தேன். "நீயும் கொண்டாடு" என்று சொல்லி வைத்தேன். சொன்ன வார்த்தை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. செத்த அன்றைக்குக் கருப்பன் வேலியோரம் காலைத் தூக்கிக்கொண்டே நின்றது, ஒன்றும் வரவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இருந்து என்ன?

"தாத்தா, ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

முன்பணம் வெ. 800. வீட்டுக்கு நடந்து வந்து, பேரன் காதுத்தோட்டுக்கு என்று டின்னில் வைத்திருந்த வெ. 1,200-ஐ அப்படியே எடுத்துப் போனேன். தள்ளுவண்டியைக் கிளினிக் வாசலிலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

சீனி பார்க்கவில்லை.

பா. போன்.

"முத்து என்ன பண்ணுது?"

"தூங்குது."

"இந்த நேரத்துலயா? சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு."

"உங்க கொரல் ஏன் இப்படி இருக்கு?"

"சளி."

ஐம்பது வருஷத்தில் அவளிடம் இப்படி அடுக்கடுக்காகப் பொய் சொன்னதில்லை. அவள் என்னிடம் ஆறு வருஷம் மறைத்தாள் என்று கோபப்பட நினைத்தேன். கோபம் வரவில்லை.

காலையில் போய்ப் பார்த்தேன். கூண்டுக்குள் முத்து. முன்காலில் ஊசி, குழாய். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வெ. 220, ஒரு தடவைக்கு. இரண்டு தடவை எடுக்கணும். கேட்டபோது திடுக்கென்று இருந்தது. அதற்குள் அடுத்த கணக்கு வந்துவிட்டது: இரண்டு அறை, ஒரு வேலை, ஒரு காது குத்து, ஒரு சடங்கு, ஒரு கல்யாணம். அது எல்லாம் யார் கட்டியது?

பெரட்டுக்களத்தில் நூறு பேர் பார்த்தார்கள். பா. அப்போது ஏழு மாதம். கையைக் கூப்பிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். விமலா பிறக்கப் பல வருஷம் ஆனது.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

மார்ச் 14, சனி

முத்து மூத்திரம் பெய்தது! தாரணி போன் போட்டுச் சொன்னாள். நான் கோயில் படியில் நின்றுகொண்டு சத்தமாக "பெய்ஞ்சிட்டான்" என்றேன். குருக்கள் திரும்பிப் பார்த்தார். அவரிடம் கிஸ்மிஸ் விஷயம் சொன்னேன். "சிவ சிவா" என்று நெஞ்சில் கை வைத்தார். எத்தனை நாய் தின்றதோ. வாசலில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

கிளினிக் போனேன். கிட்னி எண் இறங்குகிறதாம்.

"செடெனாக் தாத்தாவுக்கு மெசேஜ் போட்டுட்டேன்" என்றாள் தாரணி.

"யாரு போடச் சொன்னா?"

"அட்டையில ரெண்டாவது நம்பர் அவங்களோடதுதானே. நேத்து சாயந்திரமே வந்துட்டாங்க. நீங்க காலையில வருவீங்கன்னு சாயந்திரமா வந்தாங்களாம். ரொம்ப நேரம் கூண்டுகிட்ட நின்னாங்க."

"என்ன ஆச்சுன்னு கேட்டாரா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"கிஸ்மிஸ்னு சொன்னியா?"

"ஆமா. ஏன் தாத்தா?"

"என்ன சொன்னாரு?"

"தலைய மட்டும் ஆட்டுனாங்க."

மார்ச் 16, திங்கள்

மேகம், காற்று. சீனி 8.1.

முத்துவை வீட்டுக்கு விடுகிற நாள். இனிமேல் ஆறு மாதத்துக்குக் கிட்னிச் சாப்பாடு, எட்டுக் கிலோப் பை வெ. 290. போன வாரம் இதைக் கேட்டிருந்தால் நான் கூண்டுக்குள் படுத்திருப்பேன். மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. காலை மாலை மாத்திரை, குடிக்கிற தண்ணீர், பெய்கிற மூத்திரம் எல்லாம் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். நோட்டு இருக்கிறது என்றேன்.

மொத்தம் வெ. 1,740. முன்பணம் போக 940. கையில் 400.

"மீதி கட்டியாச்சு தாத்தா" என்றாள் தாரணி.

யார் என்று கேட்கவில்லை. அட்டையைப் பார்த்தேன். இருபத்து நாலு.

வெளியே வந்து தள்ளுவண்டியில் கைலியை விரித்தேன். முத்து அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மெலிந்த காலை வைத்து வைத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. வெள்ளை வேன். பக்கத்தில் நின்றவர் குனிந்து அதைத் தூக்கி முன் சீட்டில் வைத்தார். தலை முழுக்க வெள்ளை. முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது. நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஏறுங்க" என்றார். அந்தக் காலத்தில் எங்களுக்குள் வாடா போடா.

தள்ளுவண்டியைப் பின்னால் போட்டு, ஏறினேன். முத்து நடுவில். வழி கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. கீழே இறங்கவில்லை.

"எறக்கிக்குங்க. நான் கெளம்புறேன்."

நான் இறங்கவில்லை. முத்துவின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கருப்பனுக்கும் நாந்தான் குடுத்தேன். கிஸ்மிஸ்."

"தெரியும்."

"தாரணி சொன்னாளா?"

"அந்தப் புள்ளைக்குக் கருப்பன எப்படித் தெரியும்?" சிரித்தார். பல் பாதி இல்லை. "செவுத்துல படம் இருக்குல்ல. மொத ஊசிக்கு முத்துவக் கொண்டு போனப்பவே பாத்தேன். ரோஜாப்பூ போட்ட டின் மூடி. 'நீயும் கொண்டாடு'ன்னு சொல்லி வச்சியே. நான் குழாயடியில நின்னுகிட்டிருந்தேன்."

எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"ஆறு வருஷமா தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"யாருகிட்ட? ஒங்க வீட்டுக் கேட்டு தொறந்தாத்தானே."

"பாக்கியத்துகிட்டச் சொல்லிருக்கலாம்."

"சொன்னா ஒன்ன உசிரோட விட்டுருப்பாளா? தங்கச்சி தாலி முக்கியம்யா எனக்கு."

அவர் 'நீ' என்றதை அவரே கவனிக்கவில்லை.

"முத்து சந்தையிலேந்து வரலல்ல?"

"எங்க வீட்டு நாய் போட்ட குட்டி. நாயக் கொன்னவன்னு பேர் வாங்கியாச்சு. ஒண்ண வளத்தாவது பாப்போம்னு குடுத்தேன்."

மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. வந்தாலும் ஐம்பது வருஷத்துக்கு அது எந்த மூலைக்கு? கையை நீட்டி வேன் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தேன். சாவியை என் சட்டைப்பையில் போட்டேன். இறங்கிப்போய்க் கேட்டை இரண்டு பக்கமும் திறந்தேன், கார் வந்தால் திறக்கிற மாதிரி.

"மச்சான், உள்ள வாங்க."

செருப்பைக் கழற்றுவதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

சோறு வடித்தேன். ரசம், நெத்திலி வறுவல், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சமையல் நடக்கும்போது பா. போன். எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். "அண்ணன்தான் பேசுறேன்... ஆமா, வீட்டுலதான்... உள்ளதான்மா" என்றார். அந்தப் பக்கம் இந்தத் தடவை நிஜமாகவே அழுகைச் சத்தம் கேட்டது, பிள்ளையுடையது இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் போனை என்னிடம் நீட்டி, "காது குத்து எப்பன்னு கேக்குறா. என்ன சொல்ல?" என்றார்.

"ஒங்க மடி. நீங்க சொல்லுங்க தேதி" என்றேன். தோட்டுக்கு வைத்த காசு நாய்க்குப் போய்விட்டது என்பதையும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

கிஸ்மிஸ் விஷயத்தைப் பா.விடம் நானே சொல்ல வேண்டும். இரண்டு நாயையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை.

டாக்டருக்காக:

மாத்திரை, காலை: கொடுத்தேன்.
தண்ணீர்: அரைக் கிண்ணம்.
மூத்திரம்: இரண்டு முறை. ஒன்று வேன் சக்கரத்தில்.
சாப்பாடு: கிட்னிச் சாப்பாடு, பாதி.
மச்சான்: சாப்பிட்டார். ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கினார்.